பெட்டி என்று சொல்லக் கூடாது

மிஸ்ஸி,

குசினிப் பல்பு நேற்றுக் காலை போய்விட்டது. கடைக்குப் போய் ஒன்று வாங்கிவந்து மாட்டினேன். புதுப் பல்பு சூடேறும்போது அதன்மேல் படிந்த தூசு கருகி ஒரு மணம் வருமே, அது வந்தது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. என் மனுசி தேத்தண்ணியோடு வந்து பார்த்தபோது நான் கதிரையில் ஏறி நின்று, எரிகிற பல்புக்குப் பக்கத்தில் புறங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பட்டப்பகலில் லைற்றைப் போட்டுவிட்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். சூடு பார்க்கிறேன் என்றேன். அவள் சுவிச்சை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கும் கதை தெரியும்.

நீங்கள் போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. செத்தவர்களுக்கு மடல் எழுதுகிற ஆள் நான் இல்லை. ஸ்பானர் பிடித்த கைக்குப் பேனை சரிவராது. ஆனால் இதை வேறு யாரிடம் சொல்வது? அன்றைக்கு அந்த வார்டில் நின்றவர்களில் நீங்களும் நானும்தான் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தோம். இப்போது நீங்கள் உங்கள் பங்கை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். கெட்டிக்காரி. முழுவதும் என் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது, நேவி யாட்டில் கருவி திருத்துகிற பட்டறையில் இருந்த எங்களில் பலர் தெருவுக்கு வந்தோம். நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கப்பலின் காற்றழுத்தமானி திருத்தியவனுக்கு அங்கே என்ன வேலை என்று சொந்தக்காரர் சிரித்தார்கள். வேலை இருந்தது. கத்தி, கத்தரிக்கோல் அவிக்கிற கொதிகலன், சத்திரசிகிச்சை மேசைக்கு மேலே தொங்குகிற விளக்கு, சளி உறிஞ்சுகிற மெசின், ஒக்சிசன் சிலிண்டரின் மானி, எல்லாம் என் பொறுப்பு. என் உத்தியோகத்துக்கு ஒரு நீளமான இங்கிலீஷ் பெயர் இருந்தது. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தாதிமாரை நாங்கள் மிஸ்ஸி என்கிற மாதிரி, மேசனையும் தச்சனையும் கூப்பிடுகிற பெயரால் நீங்களும் என்னைப் "பாஸ்" என்றுதான் கூப்பிட்டீர்கள். குழந்தைகள் வார்டில் நின்று நீங்கள் கூப்பிட்டால் கொதிகலன் இரைச்சலுக்குள்ளும் எனக்குக் கேட்கும்.

முதல் தரம் அந்தச் சூட்டுப்பெட்டியைப் பார்க்க என்னைக் கூப்பிட்டது நினைவிருக்கிறதா? மாதம் நிறையாமல் பிறக்கிற குழந்தைகளை வைக்கிற பெட்டி. மேலே கண்ணாடி, கீழே தட்டில் நான்கு பல்புகள், பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தட்டம். எங்கள் ஆஸ்பத்திரிக்கு அது ஒன்றுதான். நான் உள்ளே கையை விட்டு, சூடு காணாது, இன்னும் வேண்டும் என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தீர்கள்.

"உங்கட உள்ளங்கை அரம் பிடிச்சுப் பிடிச்சுச் செத்துப்போச்சு, பாஸ். புறங்கையால பாருங்கோ."

புறங்கையை வைத்தேன். சுட்டது. அன்றிலிருந்து இன்று வரைக்கும் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், சட்டி ஆறிவிட்டதா என்றாலும், என் கை தானாகத் திரும்புகிறது.

பேக்கரிப் பாணுக்கு விடியுமுன்னம் வரிசையில் நின்ற அந்த வருஷங்களில்தான் இது நடந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராது. ரேடியோ வால்வு இல்லை, சைக்கிள் ரியூப் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சூட்டுப்பெட்டியின் உயிர்நாடி போனது. செம்பில் செய்த ஒரு சின்னத் தட்டு அது, உள்ளே ஈதர் நிறைத்து மூடியிருக்கும். சூடு கூடினால் பொம்மிப் புடைத்துப் பல்புகளை நிறுத்தும், குறைந்தால் சுருங்கித் திரும்பவும் எரியவிடும். அது ஓட்டையாகிவிட்டது. ஓட்டைத் தட்டைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு கொழும்புக்கு றெயில் ஏறினேன். விசாரித்த இடமெல்லாம் நல்ல மனிதர்கள்தான், எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: பாப்பம். எங்கள் ஆட்கள் "இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

வெறுங்கையோடு திரும்பி வந்தபோது பெட்டிக்குள் இராசாத்தியின் பிள்ளை கிடந்தான்.

இராசாத்தி தம்பலகாமத்துப் பெண். முன்னமும் பெற்றவள், ஒன்றும் தங்கவில்லை. புருஷன் வயல்காரன். இரவிரவாக யானை விரட்டக் கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போன மனிதன், காதைக் கிட்டக் கொண்டுபோனால்தான் அவன் சொல்வது கேட்கும். பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்தது. அவளுக்குப் பிரசவக் காய்ச்சல் வந்ததால் அவளை வேறு வார்டில் போட்டு, பிள்ளைக்குக் கிட்ட விடக் கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். அப்போதுதான் வார்டைக் கூட்டுகிற அற்றென்டன் மனுசி, பாவம், நல்ல செய்தி சொல்கிறேன் என்று போய், "உம்மட பிள்ளையைப் பெட்டியில வைச்சாச்சு" என்று சொல்லியிருக்கிறாள்.

எங்கள் ஊரில் பெட்டி என்றால் இன்னொன்றும் இருக்கிறதே. "பெட்டி எடுத்தாச்சோ?" என்று ஒருவர் கேட்டால், சவம் வீட்டை விட்டு வெளிக்கிட்டதா என்றுதான் அர்த்தம். இராசாத்தி குழறி அழுத சத்தம் வாசல் காவலாளி வரைக்கும் கேட்டது. புருஷன் கண்டி றோட்டில் போன பஸ்ஸில் ஊருக்குச் சொல்லி அனுப்பிவிட்டான். பின்னேரம் சொந்தக்காரர் வெள்ளைச் சீலையோடு வந்து இறங்கிவிட்டார்கள். நீங்கள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து அந்தக் கூட்டத்தைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. டாக்குத்தரிடம் கேட்டீர்களோ இல்லையோ, இராசாத்தியைத் தள்ளுகதிரையில் வைத்துக்கொண்டுவந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தினீர்கள். நான் பெட்டிக்குக் கீழே மல்லாந்து கிடந்து வயர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பார் பிள்ளை. மூச்சு விடுறான். இதுவும் பெட்டிதான், ஆனா இது உயிரோட வைக்கிற பெட்டி."

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "உள்ளுக்கு விளக்கு எரியுது" என்று மட்டும் சொன்னாள். வெள்ளைச் சீலையோடு வந்தவர்கள் சிரித்தார்கள், நீங்கள் சிரித்தீர்கள், கீழே கிடந்த நானும் சிரித்தேன். நாங்கள் எல்லாரும் ஒன்றாகச் சிரித்த கடைசித் தரம் அதுதான்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தச் சொல் மாறிவிட்டது. காலையில் நீங்கள் அவளுடைய வார்டைக் கடந்து போனால் கட்டிலில் இருந்தபடியே கேட்பாள்: "பெட்டியிலதானே, மிஸ்ஸி?" நீங்கள், "ஓம், பெட்டியிலதான்" என்பீர்கள். அதோடு நிம்மதியாகப் படுத்துவிடுவாள். வார்டு முழுக்க அந்தப் பிள்ளைக்குப் "பெட்டிக்காரர்" என்று பட்டமே வைத்துவிட்டார்கள்.

ஆனால் பெட்டிக்கு உயிர்நாடி இல்லை என்பது எனக்கும் உங்களுக்கும் தெரியும். பழைய யாட்டுச் சாமான் விற்கிற இடமெல்லாம் துறைமுகப் பக்கம் கிளறினேன். ஒரு உடைந்த கப்பல் காற்றழுத்தமானி அகப்பட்டது. அதற்குள்ளும் அப்படி ஒரு தட்டு இருக்கும். அதைக் கழற்றி, சத்திரசிகிச்சை அறையில் ஈதர் கேட்டு வாங்கி நிறைத்து, ஈயம் ஊற்றி மூடிப் பெட்டியில் பொருத்திப் பூட்டினேன். பல்பு தானாக நின்றது, தானாக எரிந்தது. நீங்கள் சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினீர்கள். ஒரு நாள் முழுக்க அது வேலை செய்தது. அடுத்த நாள் காலையில் பெட்டியைச் சுற்றி ஈதர் மணந்தது. நான் ஊற்றிய ஈயம் விட்டுவிட்டது. கெஞ்சிக் கேட்க ஒரு ஆள்கூட இல்லாத நிலை அது. மெசினைக் கும்பிட்டுப் பலனில்லை என்று தெரிந்தும் அன்றைக்கு அதைக் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு கைதான். சூடு கூடினால் ஒரு பல்பைக் கழற்றுவது, குறைந்தால் திருகுவது. நீங்கள் ஒரு முறை, நான் ஒரு முறை, தாதிப் பிள்ளைகள் ஒரு முறை. கழற்றிக் கழற்றி மாட்டினால் பல்பு எத்தனை நாளுக்கு நிற்கும்? ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கியது. கடையில் பல்பு இல்லை. கூட்டுறவுச் சங்கக் கடைக்கு வந்தால் உண்டு, வந்தால்தானே. என் வீட்டுப் பல்புகளைக் கழற்றிக்கொண்டு போனேன், மனுசி குப்பி விளக்கில் சமைத்தாள். பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் நானாவிடம் போய்க் கதை சொன்னேன். அவர் கதிரையில் ஏறி, அடுப்படிக்கு மேலே எரிந்துகொண்டிருந்த பல்பைச் சால்வையால் பிடித்துச் சூட்டோடு கழற்றித் தந்தார். "பிள்ளைக்கெண்டா கேக்காம எடுத்திட்டுப் போயிருக்கலாமே" என்று ஏசினார். கோயில் மடப்பள்ளியிலிருந்து ஒன்று வந்தது. நிலாவெளியிலிருந்து மீன் கொண்டு வருகிறவர் ஒருவர், மீன் கூடைக்குள் உமி போட்டு அதில் பல்பு வைத்துக் கொண்டுவந்தார். மீன் மணத்தோடு அது எரிந்தது. நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பெட்டிக்காரர் வளந்து மீன்பிடிக்கப் போகப்போறார்" என்றீர்கள்.

பிள்ளை கொஞ்சம் தேறினான். அதுதான் தாங்க முடியாதது. பருத்தியில் நனைத்து விட்ட பாலை விழுங்கினான். விரலைக் கொடுத்தால் பிடித்தான். உங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. உங்கள் முகத்தைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. நம்பிக்கை வராமலே இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன்.

மாரிக் காற்று தொடங்கிய அன்று முற்பகல் கரண்ட் நின்றது. றோட்டில் ஒரு மரம் கம்பியில் விழுந்து கிடந்தது. நான் மழைக்குள் ஓடினேன். மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களின் காலைப் பிடிக்காத குறை. அவர்களும் நனைந்து நனைந்து வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், யாரைக் குறை சொல்வது? ஒரு கோடரியை வாங்கி நானும் வெட்டினேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது நீங்கள் குசினியிலிருந்து சுடுதண்ணி எடுத்து, போத்தல்களில் விட்டு, துணி சுற்றிப் பிள்ளையைச் சுற்றி அடுக்கியிருந்தீர்கள். போத்தல் ஆறிக்கொண்டே வந்தது. புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தோம். கடைசியில் போத்தலையெல்லாம் தள்ளிவிட்டு, யூனிபோமின் பொத்தானைக் கழற்றிப் பிள்ளையை நெஞ்சோடு வைத்துப் போர்த்திக்கொண்டீர்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். என் கையில் ஒரு பல்பு இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. "பாஸ்" என்று கூப்பிட்டீர்கள். அந்தக் குரல் கொதிகலன் இரைச்சலுக்குள் கேட்டிருக்காது. நான் திரும்பவில்லை, தெரிந்துவிட்டது. நாங்கள் அப்படியே நின்றுகொண்டிருக்கும்போது கரண்ட் வந்தது. பெட்டிக்குள் பல்புகள் எரிந்தன. நானாவின் பல்பும் மீன்காரரின் பல்பும் என் வீட்டுப் பல்பும் எரிந்து, வெறும் மெத்தையைச் சூடாக்கிக்கொண்டிருந்தன. அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை.

ஆஸ்பத்திரித் தச்சன் தேயிலை அடைத்து வந்த பலகையில் ஒரு சின்னப் பெட்டி அடித்துக் கொடுத்தான். ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமே. புருஷன் பிள்ளையை அதற்குள் வைத்தான். இராசாத்திக்குச் சொல்ல வேண்டும். தனியாகப் போக ஏலாது, நீங்களும் வாருங்கோ என்று என்னைக் கேட்டீர்கள். செத்துப்போன பிள்ளைகளின் தாய்மாருக்கு எத்தனை தரம் சொன்னவர் நீங்கள். அன்றைக்கு உங்கள் வாய்க்குச் "செத்துப்போனான்" என்ற சொல் வரவில்லை. கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லமாகச் சொன்னீர்கள்.

"இராசாத்தி, பிள்ளையைப் பெட்டியில வைச்சாச்சு."

அவளுடைய முகம் மலர்ந்தது. என் உயிர் உள்ள வரைக்கும் அந்த முகம் எனக்கு முன்னால் நிற்கும்.

"கரண்ட் வந்திட்டுது, நானும் பாத்தனான்" என்றாள். "அப்ப சூடா இருப்பான், என்ன மிஸ்ஸி?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் நிலத்தைப் பார்த்தேன். அந்த நேரம் புருஷன் வாசலில் வந்து நின்றான், இரண்டு கையிலும் அந்தத் தேயிலைப் பலகைப் பெட்டி. அவள் அவனைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பிறகு உங்களைப் பார்த்தாள். முதல் தரம் மாதிரிக் குழறவில்லை. உங்கள் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"பெட்டி எண்டு சொன்னீங்களே, மிஸ்ஸி" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு வெகுகாலம் கழித்துச் செப்புத் தட்டு வந்தது. பூட்டினேன், ஒழுங்காக வேலை செய்தது, எத்தனையோ பிள்ளைகள் அதற்குள் கிடந்து தேறி வீட்டுக்குப் போனார்கள். குச்சவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் உங்களுக்குப் பலகாரம் வரும். ஆனால் நீங்கள் வார்டில் ஒரு சட்டம் போட்டீர்கள். பெட்டி என்று யாரும் சொல்லக் கூடாது, கண்ணாடித் தொட்டில் என்றுதான் சொல்ல வேண்டும். வார்டோடு நின்றதா அந்தச் சட்டம்? நெருப்புப்பெட்டி உங்களுக்கு நெருப்புக்குச்சி ஆனது. றங்குப்பெட்டி வெறும் றங்கானது. ஒருமுறை றெயிலில் கடைசிப் பெட்டியில் இடமிருக்கிறது என்று நான் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்தேன். "கரேஜ் எண்டு சொல்லுங்கோ, பாஸ்" என்றீர்கள். பென்சன் எடுத்த பிறகும் நீங்கள் அதை விடவில்லை. உங்களை நான் பகிடி பண்ணியிருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கோ. நானும் அந்தச் சொல்லை வாயில் வைத்து வெகுகாலம் ஆகிறது, இந்த மடலில்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு மூச்சு முட்டத் தொடங்கிய பிறகு பாலையூற்றில் உங்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பேன். ஒக்சிசன் சிலிண்டர் ஒன்று கட்டிலோடு நின்றது. மானிக்குக் கிட்ட மெல்லிய சீறல் கேட்டது, நான் பூட்டுத் திருகை இறுக்கினேன். "வாசர் போச்சு போல" என்றீர்கள். காற்றை அடைக்கிற அந்த வளையமாக்கும் என்று நான் சிலிண்டரைப் பார்த்தேன். "அதில்ல பாஸ், எனக்கு" என்று சிரித்தீர்கள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, அவள் என்னை மன்னித்திருப்பாளா என்று கேட்டீர்கள். யார் என்று நான் கேட்கவில்லை. பாப்பம் என்றேன். வேறு என்ன சொல்வது, மிஸ்ஸி? எனக்கு அந்த ஒரு சொல்தான் வந்தது. நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

பிறகு ஒரு நாள் உங்கள் தங்கச்சியின் மகன் சைக்கிளில் வந்து என் வீட்டுப் படலைக்கு வெளியே நின்றான். "பெரியம்மாவைப் பெட்டியில வைச்சாச்சு, மாமா" என்றான். சிலுவையும் பூவுமாக, மெழுகுதிரிக்கு நடுவில் கிடந்தீர்கள். நான் கிட்ட வந்தேன். என் கை தானாகத் திரும்பி, புறங்கை பக்கப் பலகையில் போய் நின்றது. பலகை குளிர்ந்திருந்தது. என் கண் கீழே பல்பைத் தேடியது. பெட்டியை மூடப்போகிறோம், பார்க்காதவர்கள் வந்து பாருங்கோ என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ என்று நான் கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்ப என்னெண்டு சொல்லுறது, ஐயா, என்று ஒரு பொடியன் மரியாதையாகத்தான் கேட்டான். உங்களைக் கேட்கலாம் என்று திரும்பிப் பார்த்தேன்.

மனுசி கோயிலுக்குப் போயிருக்கிறாள். குசினிப் பல்பைப் போட்டுவிட்டு அதற்குக் கீழே இருந்துதான் இதை எழுதுகிறேன். இப்போதுதான் எழும்பிப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு சரியாக இருக்கிறது, மிஸ்ஸி. உள்ளேதான் ஒருவரும் இல்லை.